சயிக்கிளில் பாடிய ராசா

பெனடிக்ற் பொய் சொன்னவர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பொய்யைச் சொன்னவர் கல்யாணத் தரகர் லெம்பேட். லெம்பேட் இப்போது சேமக்காலையில் ஒரு சிலுவைக்குக் கீழே நிம்மதியாகக் கிடக்கிறார். அவருடைய பொய் மட்டும் பேசாலைக் கரையில் இருபத்தெட்டு வருசமாகச் சோறு தின்று சுகபலத்தோடு நடமாடிக்கொண்டிருந்தது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். லெம்பேட் சிக்கனக்காரர், ஒரே பொய்யில் காரியத்தை முடித்துவிட்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பெனடிக்றுக்கு அன்ரோனெற்றைப் பெண் பார்க்கப் போனார்கள். அந்த வீட்டில் ஒரு கசற் இருந்தது. அதற்கு மூன்று வருசம் முன்பு, சனமெல்லாம் சண்டையில் இடம்பெயர்ந்து மடுக் கோயில் பக்கத்துக் கொட்டில்களில் இருந்தபோது, பெடியங்கள் சேர்ந்து போட்ட வாசாப்பு என்கிற வேதக் கூத்து ஒன்றின் ஒலிப்பதிவு அது. கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த தன் மகளைச் சிறையில் பூட்டிச் சாக விட்டுவிட்டு, பிறகு சிறை வாசலில் நின்று அழுகிற ஒரு ராசாவின் கூத்து. கைமாறிக் கைமாறி வந்த கசற், அன்ரோனெற் வீட்டுக்கு வந்ததோடு தன் பயணத்தை முடித்துக்கொண்டது. இரவல் வாங்கிய கசற்றைத் திருப்பிக் கொடுத்த புண்ணியவான்கள் எந்தக் காலத்திலும் குறைவுதான். ராசாவின் புலம்பலை அந்த வீட்டுப் பெண் நாளுக்கு ஒருதரமாவது கேட்கிறாள் என்ற செய்தி லெம்பேட்டின் காதுக்கு எட்டியிருந்தது.

"அந்த ராசாவாப் பாடினது ஆரெண்டு நினைக்கிறியள்? இந்தா இருக்கிறார். இவர்தான்," என்றார் லெம்பேட், பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து பெனடிக்றின் வாய்க்குள் ஒரு முழுப் பயத்தம் பணியாரம் இருந்தது. பயத்தம் பணியாரத்தை முழுதாக வாயில் போட்டவர்களுக்குத் தெரியும், தண்ணீர் வரும்வரைக்கும் மனிதனால் ஆண்டவருடைய நாமத்தைக்கூடச் சொல்ல முடியாது. பெனடிக்ற் கண்ணை உருட்டித் தலையை ஆட்டித் தண்ணீர் கேட்டார். வீட்டார் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வந்து மா கரைந்து தொண்டை திறந்தபோது கதவோரம் நின்ற அன்ரோனெற்றின் முகத்தைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பழியைப் பணியாரத்தின்மேல் போடுவது பாவம், வாயை அடைத்தது அந்த முகந்தான்.

உண்மையான ராசா அவருடைய கூட்டாளி கொலின்ஸ். அடுத்த நாள் பயந்து நடுங்கிப் போய் அவனிடம் விசயத்தைச் சொன்னார். கொலின்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வைச்சுக்கொள் மச்சான். நான் வள்ளம் ஏறப்போறன். இராமேஸ்வரத்தில ராசாவுக்கு என்ன வேலை கிடக்கு?"

சொன்னபடியே வள்ளம் ஏறினான். நாலைந்து வருசத்தில் மண்டபம் அகதி முகாமில் காய்ச்சல் வந்து செத்துப்போனான் என்று ஒரு கடிதம் வந்தது. கல்யாணம் கட்டவில்லை, பிள்ளை குட்டி இல்லை. கூத்தில் ஆடிய மற்றவர்கள் கனடா, பிரான்ஸ் என்று சிதறிப்போனார்கள், பார்த்த சனம் கொட்டில்கள் கலைந்ததோடு திசைக்கொன்றாய்ப் போய்விட்டது. லெம்பேட்டின் பொய்யைப் பொய் என்று சொல்ல இந்தக் கரையில் ஓர் ஆளும் மிஞ்சவில்லை.

கல்யாணத்தன்று "மாப்பிள்ளை ஒரு பாட்டுப் பாடட்டும்" என்றார்கள். மாப்பிள்ளை இருமினார். பிறகும் கேட்டார்கள். பிறகும் இருமினார். அன்ரோனெற்றின் மாமி ஒருத்தி, ராசாவின் தொண்டைக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னாள். அன்று தொடங்கியது அந்தத் தொண்டைக்கான வைத்தியம். விடியற்காலையில் மிளகும் வேர்க்கொம்பும் தட்டிப் போட்ட மல்லித்தண்ணி. ஐஸ்கிறீம் கூடாது, குளிர்ச்சோடா கூடாது, மார்கழிப் பனியில் வெளிக்கிட்டால் கழுத்தில் மவ்ளர். எல்லாவற்றையும்விடக் கொடுமை, சத்தம் போடக் கூடாது. பெனடிக்ற் கரையில் படகு இஞ்சின் திருத்துகிறவர். சத்தம் போடாமல் இஞ்சின் திருத்துவது மணி அடிக்காமல் பூசை வைப்பது போல. ஓடுகிற இஞ்சினுக்கு மேலால் ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் நட்டுக் கழற்றும் சாவியால் தகர வாளியில் தட்டுவார். கரையில் அவருக்குத் தகரவாளி பெனடிக்ற் என்றே பெயர்.

அன்ரோனெற் அந்தக் கசற்றைக் கல்யாண முக்காட்டுக்குள் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டாள். ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை. குரல் போன மனுசனுக்கு முன்னால் அந்தக் குரலைப் போட்டால் அவருக்கு மனம் நொந்துபோகும் என்று பயந்தாள். அவ்வளவு நல்ல மனம். பெனடிக்றுக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மல்லித்தண்ணி இன்னும் கசக்கும்.

இப்படியே காலம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சோறு போடும்போது அன்ரோனெற் சாதாரணமாகச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, அந்தக் கசற்றை ரவுணில லைபிறரியில குடுத்திட்டு வந்தனான்."

பெனடிக்றுக்குப் புரைக்கேறியது.

"பழைய கசற் எல்லாத்தையும் கொம்பியூட்டருக்குள்ள ஏத்தினமாம். ஏத்தினால் நூறு வருசத்துக்கும் அழியாதாம். அந்தப் பிள்ளை சுவேதினி சொன்னவள், பாடினவற்ற பேர், ஊர், படம் எல்லாம் சேர்த்து இன்ரநெற்றில போடுவமெண்டு. புதன்கிழமை ரெண்டு பேரையும் வரட்டாம்."

"நூறு வருசமோ?"

"கூடவும் இருக்கலாமாம்."

ஓர் ஊருக்குள் அடங்கிக் கிடந்த பொய் கொழும்புக்கும் கனடாவுக்கும் கேட்கிற மாதிரி, அவருடைய படத்தோடு நூறு வருசம் நிற்கப்போகிறது. கனடாவிலோ பிரான்சிலோ கூத்தில் ஆடிய ஒருத்தன் கேட்டுவிட்டு ஒரு வரி எழுதினால் போதும். அன்ரோனெற் அதை வாசிப்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனக்கு என்ன இடம் இருக்கும் என்று அவருக்கு யோசிக்கவே பயமாக இருந்தது. அன்றைக்கு வைத்தது பாரைமீன் குழம்பு. பெனடிக்றுக்கு அது மண்ணைப் போல இருந்தது.

புதன்கிழமை போனார்கள். நூலகத்தின் மேல்மாடியில், ஏசி போட்ட ஒரு சின்ன அறை. பொறுப்பாக இருந்த சுவேதினிக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஒரு பெரிய ஹெட்போனைச் செபமாலை போலப் போட்டிருந்தாள். பூஞ்சணம் பிடித்த கசற்றை எப்படிக் கழற்றி, நாடாவைப் பஞ்சால் ஒற்றித் துடைத்து, புதுக் கூட்டுக்குள் மாற்றினாள் என்பதை அன்ரோனெற்றுக்கு ஆசையோடு சொன்னாள். பிறகு பெனடிக்றைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அங்கிள்தானே அந்த ராசா? ஆனா ஒரு சின்னப் பிரச்சினை. நீங்களே கேளுங்கோ."

கசற் ஓடியது. முதலில் கட்டியகாரன் ராசா வருகிறார் என்று கூவினான். குரல் கணீரென்று இருந்தது. மத்தளம் சரி. ராசா வந்தார், அவரும் சரிதான், கம்பீரமாகவே பேசினார். மகளைச் சிறையில் பூட்டினார். பிறகு சிறை வாசலில் நின்று புலம்பத் தொடங்கினார்.

*பூட்டின கையே திறக்க வந்தேன் மகளே...*

முதல் வரியில் ராசா ராசாவாக இருந்தார். இரண்டாம் வரியில் அவருடைய குரல் மெல்ல மேலே ஏறிப் பெண்குரலானது. மூன்றாம் வரியில் பள்ளிக்கூடப் பிள்ளையானார். நாலாம் வரியில் மன்னாதி மன்னர், பால்குடி மறக்காத குழந்தை பசியில் கத்துவதுபோலக் கீச்சிட்டார். மத்தளமும் அவரோடு சேர்ந்து குடுகுடுவென்று ஓடியது. அந்தப் பாட்டு முடிந்து சேவகன் வந்து ஏதோ கேட்டதும், ஒன்றும் நடக்காதது போல எல்லாம் பழையபடி சரியானது.

"இதென்ன பிள்ளை, ராசாவை எலிக்குஞ்சாக்கி வைச்சிருக்கிறாய்?" என்றாள் அன்ரோனெற்.

"நான் ஒண்டும் செய்யேல்ல அன்ரி. ஒரேயடியா வேகம் பிழையெண்டால் கொம்பியூட்டரில ஒரு இலக்கத்தைப் போட்டுச் சரியாக்கலாம். இது இடத்துக்கு இடம் மாறுது. அதுவும் என்னெண்டால், நல்ல இடத்திலதான் கெடுது. புலம்பல், மகளைக் காணுற இடம், கடைசி மன்னிப்பு, மூண்டும் போச்சு. சும்மா இடமெல்லாம் நல்லா இருக்கு." சுவேதினி பெருமூச்சு விட்டாள். "கொழும்பில இருந்து இரவலா வந்த மெசின் இது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேன் வந்து ஏத்திக்கொண்டு போயிடும். அதுக்குள்ள சரிவராட்டில் இந்தக் கசற்றைப் பயன்படாததுகளோடதான் போடோணும்."

பெனடிக்றின் நெஞ்சுக்குள் பெருநாள் மணி அடித்தது. மாதாவே, தாயே, இரண்டு நாள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டிருப்பதில்தான் அவருக்கு இருபத்தெட்டு வருச அனுபவம் இருக்கிறதே.

ஆனால் மணி அடித்து ஓய்ந்ததும் வேறொரு எண்ணம் வந்து குந்தியது. அந்தக் குரல் ஏன் கீச்சிடுகிறது என்று உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் அங்கே கரண்ட் இல்லை. பற்றறியும் வரவிடாமல் அரசாங்கத்தின் தடை. ஒரு றேடியோ கேட்க வேண்டுமென்றாலும் சயிக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, ஒருத்தன் ஏறி இருந்து உழக்க வேண்டும். கூத்தைப் பதியவும் அதே வழிதான். அந்தக் கூத்தில் பெனடிக்றின் பங்கு அதுதான். மேடைக்குப் பின்னால் சயிக்கிளில் இருந்து உழக்கினவர் அவர். உழக்குக் குறைந்தால் ரேப் றெக்கோடரின் மோட்டர் இளைக்கும். இளைத்த மோட்டரில் பதிந்ததைப் பிறகு ஒழுங்கான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சிடும். இஞ்சின்காரனுக்கு இது விளங்க எவ்வளவு நேரம்?

ஏன் குறைந்தது என்பதும் அவருக்கு நினைவிருந்தது. கொலின்ஸ் புலம்பத் தொடங்கியதும் பெனடிக்ற் தன்னுடைய கால்களை மறந்துபோனார். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் பின்னால் வந்து பிரம்பால் தோளில் ஒன்று போட்டு, "உழக்கடா நாயே!" என்று காதுக்குள் சொன்ன பிறகுதான் கால் அசைந்தது. அன்று மூன்று தரம் அடி வாங்கினார். ராசாவை எலிக்குஞ்சாக்கியவர் அவரேதான்.

"உது உங்கட மெசினில பிழை," என்று அன்ரோனெற் விட்டுக்கொடுக்காமல் நின்றாள். "நான் கேட்கேக்க ஒரு கீச்சும் இருக்கேல்ல. அந்த இடங்கள்தான் நல்லா இருந்தது."

"என்னத்தில போட்டுக் கேட்டனீங்கள் அன்ரி?"

"சயிக்கிள்ளதான். எங்க கிடந்தது கரண்ட்? நான்தான் உழக்கி உழக்கிக் கேட்கிறனான்."

சுவேதினி கதிரையை விட்டு எழுந்துவிட்டாள். "அப்ப பதிஞ்சதும் சயிக்கிள்ளயோ? அங்கிள், நீங்கள் அங்க நிண்டனீங்கள்தானே. சயிக்கிள்ளயோ பதிஞ்சது? ஆர் உழக்கினது?"

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

"ஞாபகமில்லைப் பிள்ளை," என்றார் பெனடிக்ற்.

லெம்பேட் சொன்னதற்குத் தலையாட்டியது வேறு. இருபத்தெட்டு வருசத்தில் அவர் சொந்த வாயால் சொன்ன முதற்பொய் இதுதான். சொன்னதும் உண்மையாகவே தொண்டை கட்டியது.

சுவேதினிக்கு ஞாபகம் தேவைப்படவில்லை. அன்ரி முந்தி எப்படிக் கேட்டாவோ அப்படியே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓட்டிப் பார்ப்போம், சரியாக வந்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம் என்றாள். பழைய ரேப் றெக்கோடருக்கும் டைனமோ சயிக்கிளுக்கும் எங்கே போவது? அன்ரோனெற்றுக்கு உப்புக்குளத்தில் றேடியோ திருத்துகிற சனூன் நானாவின் நினைவு வந்தது. வயர் பூட்டுவது யார்? அதற்கும் ஆள் வீட்டிலேயே இருந்தது.

"இவர் பூட்டித் தருவார். தன்ர பாட்டுக்குத் தான் பூட்டாமல் வேற ஆர் பூட்டுறது?" என்றாள்.

வியாழக்கிழமை பெனடிக்ற் சனூன் நானாவின் கடைக்குப் போனார். சனூனுக்கு எழுபது வயது. கடையில் ஓடாத றேடியோக்கள் கூரைவரைக்கும் அடுக்கியிருந்தன. ஒரு கறுத்த ரேப் றெக்கோடரைத் தூசு தட்டி எடுத்து, தன்னுடைய மகளின் பழைய லேடீஸ் சயிக்கிளையும் உருட்டிக்கொண்டு வந்தார். சயிக்கிள் உழக்கிப் பாட்டுக் கேட்டார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

"நாங்க அப்ப புத்தளத்தில, அகதி முகாமில. எங்களிட்ட பற்றறி இருந்தது, வீடுதான் இருக்கேல்ல," என்றார். "உங்களிட்ட எப்பிடி?"

"வீடும் இல்லை, பற்றறியும் இல்லை. சயிக்கிள் மட்டும் இருந்தது."

சனூன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தக் கணக்கில் தாங்கள் ஒரு படி மேல் என்று ஒப்புக்கொண்டார்.

அவர் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரத்தில் பெனடிக்ற் டைனமோ வயரை எடுத்துக் கத்தியால் மெல்லக் கீறினார். முழுதாக அறுக்கவில்லை. இரண்டு மூன்று கம்பிகளை மட்டும் விட்டுவைத்தார். உழக்கத் தொடங்கினால் ஒரு நிமிசம் தாங்கும், பிறகு அற்றுப்போகும். வேன் வந்துவிடும். கசற் பெட்டிக்குள் போய்விடும். முப்பது வருசமாக இஞ்சின் திருத்தியவர், பழுதாக்கினாலும் திருத்தமாகத்தான் பழுதாக்கினார்.

வெள்ளிக்கிழமை நூலக வாசலில் காவலாளி கையை விரித்து மறித்தார். புத்தகப் பையையே கீழே வைத்துவிட்டுப் போக வேண்டிய இடத்தில் சயிக்கிளோ? சுவேதினி ஓடிவந்து பதிவுப் புத்தகத்தை வாங்கி, "ஒலிக்கருவி – 1" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். ஒலிக்கருவியைச் சனூன் முன்னாலும் பெனடிக்ற் பின்னாலும் பிடித்து மாடிப்படியில் தூக்கினார்கள். சத்தம் கேட்டுப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

பெனடிக்ற் நிலத்தில் குந்தியிருந்து வயரைப் பூட்டினார். சுவேதினி பக்கத்தில் முழங்காலில் இருந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், உங்கட குரல் வேற எதிலயாவது பதிஞ்சு கிடக்கோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப இது ஒண்டுதான். இது போனால் அந்தக் குரல் போனதுதான்."

அவள் ஏதோ வேலைக்காகத்தான் கேட்டாள். பெனடிக்றின் கை நின்றுவிட்டது. கொலின்ஸுக்கு இந்தக் கரையில் ஒரு கல்லறை இல்லை. வீட்டில் மாட்டிவைக்க ஒரு படம் எடுத்தவனும் இல்லை. அவனிடம் இருந்த ஒரேயொரு நல்ல பொருளைத்தான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம், இப்போது அதையும் ஒரு வயருக்குள் அறுக்கப் போகிறோம் என்று அவருக்குப் பட்டது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கீறின இடத்தைப் பல்லால் உரித்தார், கம்பிகளை முறுக்கிச் சேர்த்தார், கறுத்த ஒட்டு ரேப்பை மூன்று சுற்றுச் சுற்றினார். இழுத்துப் பார்த்தார். இனி அது அறாது.

அன்ரோனெற் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சயிக்கிளில் ஏறினாள். ஐம்பது வயதில் கொஞ்சம் கனத்த உடம்புதான். ஆனால் ஏறி இருந்த விதத்தில் ஒரு பழக்கம் தெரிந்தது. உழக்கினாள். சக்கரம் சுற்றியது, சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டியகாரன் கூவினான். ராசா வந்தார். மகளைப் பூட்டினார். சுவேதினி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*பூட்டின கையே திறக்க வந்தேன் மகளே*
*பூட்டைத் திறந்தும் நீ வெளியே வரவில்லையே...*

அன்ரோனெற்றின் கால்கள் குறைந்தன. யாரும் சொல்லாமல், தாமாகவே குறைந்தன. ராசாவின் குரல் ஏறவில்லை. தன்னுடைய முழுக் கனத்தோடு, அடிவயிற்றில் இருந்து, ஒரு தகப்பன் அழுகிற குரலாகவே வந்தது. முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு கொலின்ஸ் அந்த அறைக்குள் நின்று பாடினான். பெனடிக்றின் கண்ணால் நீர் ஓடியது, அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அன்ரி!" சுவேதினி கிசுகிசுத்தாள். "கால் தானாக் குறையுது! ஆர் சொல்லித் தந்தது?"

"ஆர் சொல்லித் தாறது? அந்த இடம் வந்தால் காலில எங்க பெலன் கிடக்கு?" என்றாள் அன்ரோனெற், கண்ணை மூடியபடி.

சேவகன் வந்தான். கால்கள் மறுபடி வேகம் பிடித்தன. சந்தோசத்தில் தலைகால் தெரியாத சுவேதினி, கசற் ஓட ஓடவே படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாடியவர், பெனடிக்ற். சரி. உழக்கினவற்ற பேரையும் போடத்தான் வேணும். அங்கிள், இப்பவாவது ஞாபகம் வருதோ, ஆர் உழக்கினது?"

"நான்," என்றார் பெனடிக்ற்.

"பாடிக்கொண்டே எப்பிடி உழக்கினனீங்கள்?"

"பாடேல்ல பிள்ளை. பாடினது கொலின்ஸ். என்ர கூட்டாளி. அவன் செத்துப்போனான். அவன்ர பேரை எழுது. நான் பின்னால இருந்து உழக்கினனான், அவ்வளவுதான்."

பிறகு சயிக்கிளின் வேகம் கூடியது. இன்னும் கூடியது. ராசாவும் வாசலில் நின்ற சேவகனும் கோழிக்குஞ்சுகளைப் போலக் கீச்சிட்டார்கள். மத்தளம் மழை கொட்டுவது போல அடித்தது. அன்ரோனெற் பல்லைக் கடித்துக்கொண்டு, அனுராதபுரத்துக்கே போய்விடுகிறவள் போல உழக்கினாள்.

"அன்ரி மெதுவா! அன்ரி, பதியுது! மெதுவா!"

"மெதுவாவோ? நான் மெதுவாவோ?" கால்கள் பட்டென்று நின்றன. ராசா ஒரு எருமை மாட்டைப் போல நீளமாக முனகி அடங்கினார். "இருபத்தெட்டு வருசம்! விடியப்பறம் எழும்பி மல்லி அவிச்சனே! செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோனியார் கோயிலுக்குப் போய் இந்தத் தொண்டையைத் திறந்து விடும் சுவாமி எண்டு அழுதனே! அவர் என்னத்தைத் திறக்கிறது? பூட்டினால்தானே திறக்கிறதுக்கு!"

பெனடிக்ற் தலையைக் குனிந்துகொண்டார். லெம்பேட், பணியாரம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது எல்லாமே அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. சுவேதினி மெசினை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

சனூனுக்கு மட்டும் விசயம் பிடிபடவில்லை. "பொறுங்கோ, பொறுங்கோ. பாட்டும் பாடேல்ல. உழக்கினதும் ஒழுங்கில்லை, அதாலதானே கசற் இப்பிடிக் கிடக்கு. அப்ப அந்தக் கூத்தில நீங்க என்னதான் செஞ்சனீங்க?"

"கேட்டுக்கொண்டு இருந்தனான்," என்றார் பெனடிக்ற்.

சனூன் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் நிறுத்தினார்.

"அவன் பாடினால் எனக்குக் கால் ஓடாது நானா. உழக்கோணும் எண்டு தெரியும். அண்ணாவியார் அடிப்பார் எண்டும் தெரியும். ஓடாது. 'பூட்டைத் திறந்தும் நீ வெளியே வரவில்லையே' எண்டு அவன் எடுத்தால் அதோட சரி. மூண்டு இடத்தில அப்பிடி நிண்டுபோனன். அந்த மூண்டையும்தான் கெடுத்து வைச்சிருக்கிறன்."

அன்ரோனெற் இன்னும் சயிக்கிளிலேயே இருந்தாள். மூச்சு வாங்கியது. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு அவருடைய கால்களைப் பார்த்தாள். கிறீஸ் பிடித்த, நகம் உடைந்த, இஞ்சின்காரனின் கால்கள்.

"கடைசி மன்னிப்பிலயும் நிண்டனீங்களோ?" என்று கேட்டாள். குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

"நிண்டனான்."

"மகளைக் காணுற இடத்தில?"

"அங்கதான் பிரம்பு முறிஞ்சது."

"நானும் அந்த மூண்டு இடத்திலதான் நிக்கிறனான்," என்றாள் அன்ரோனெற். "வீட்டில எல்லாரும் ஏசுவினம், ஒழுங்கா உழக்கடி எண்டு. எனக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சிருந்தன்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ராசா ஆரெண்டாலும் இருந்திட்டுப் போகட்டும். இதை எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்தானே மனுசா?"

சுவேதினி தயங்கித் தயங்கி மணிக்கூட்டைக் காட்டினாள். வேன் வர ஒன்றரை மணித்தியாலந்தான் இருந்தது. முதலில் இருந்து மறுபடி பதிய வேண்டும்.

"இனி என்னால ஏலாது," என்று அன்ரோனெற் சயிக்கிளில் இருந்து இறங்கினாள். "நீங்கள் ஏறுங்கோ. வீட்டை போய்த்தான் மிச்சக் கதை. பிள்ளை, நீ பேரை வெட்டி எழுது. பாடினது கொலின்ஸ்."

சுவேதினி வெட்டி எழுதினாள். சனூன் தானும் ஒருதரம் சரிபார்க்க வேண்டுமென்று படிவத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

பெனடிக்ற் லேடீஸ் சயிக்கிளில் முழங்கால் ஹாண்டிலில் இடிக்க இடிக்க ஏறி இருந்தார். உழக்கினார். கட்டியகாரன் கூவினான், ராசா வந்தார், மகளைப் பூட்டினார். சிறை வாசல் வரப்போகிறது என்று தெரிந்தது. இந்தத் தரமாவது ஒழுங்காக உழக்க வேண்டுமா, விட வேண்டுமா என்று தடுமாறினார். கொலின்ஸ் தொடங்கினான். இரண்டாம் வரியில் கால் ஓயத் தொடங்கியது. பயந்து அன்ரோனெற்றைத் திரும்பிப் பார்த்தார். அவள் உழக்கு என்றும் சொல்லவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. சயிக்கிளின் கரியரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பெனடிக்ற் கால்களை அவற்றின் போக்கில் விட்டார், கொலின்ஸ் தன்னுடைய சொந்தக் குரலில் அழுது முடித்தான்.